கல்லைக் கீழே போடுவோம்

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டபோது, ‘இது மேனாட்டுக் கேடு, நம் பண்பாடே நமக்குக் கவசம்’ என்று பெருமை பேசினோம். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அப்பெருமையைப் பொய்யாக்கினர். சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த இரத்தத்தை வேலூரில் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமி தென்பட்டது. உடனே பழி முழுவதையும் அப்பெண்கள் மீதே சுமத்தினோம். அவர்களை நாடிச் சென்ற ஆண்களைக் கேட்டோமா? பின்னாளில் சிகிச்சைக்கு வந்த பெண்களுள் பலர், கணவரையன்றி எவரையும் அறியாதவர்கள். இவர்கள் செய்த பாவம் யாது? விபசாரத்தில் பிடிபட்டவளைச் சூழ்ந்து நின்றோரும் ஆணை இழுத்து வரவில்லை. இன்று இந்நோயைக் கட்டுப்படுத்த மருந்துண்டு. நோயாளரை ஒதுக்கும் நம் நெஞ்சக் கடினத்திற்கு மனமாற்றமே மருந்து. கையிலுள்ள கல்லை முதலில் கீழே போடுவோம்.