கணக்கு கேட்டு வருபவரிடம் கோபம் வேண்டாமே



திருவாமாத்தூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ‘பையன் சிங்கப்பூர்ல இருக்கான்’, ‘மருமகன் துபாய்ல’ என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும். மாதம் பிறந்தால் பணம் வந்ததா என்று பார்க்கிறோம். ஆனால் நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், ஏஜென்ட்டுக்கு எவ்வளவு அழுதார்கள், அந்தக் கடன் எப்போது அடைந்தது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா?

இந்தக் கணக்கையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் எஸ். இருதய ராஜன். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பல்லாண்டுகள் இருந்தவர். 1998-ல் ஆய்வாளர் கே.சி. சக்கரியா போன்றோருடன் சேர்ந்து கேரளத்தில் வீடு வீடாகப் புலம்பெயர்வு சர்வே தொடங்கினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இன்றும் தொடர்கிறது.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன கிடைக்கும்? இதோ: 2018-ல் கேரளத்திலிருந்து போய் வெளிநாட்டில் படித்த மாணவர்கள் சுமார் 1.29 லட்சம். 2023-ல் 2.5 லட்சம். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் வீடுகள் நம்மிடமும் பெருகிவிட்டன. அதற்கு நம்மிடம் எண் இருக்கிறதா?

தமிழ்நாட்டிலும் அவர் தலைமையில் 2015-ல் சர்வே நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சுமார் 22 லட்சம் என்றது அது. தனித்தனி நாடாகப் பார்த்தால் அதிகம் பேர் போயிருந்தது சிங்கப்பூருக்கு. ஏதாவது ஒரு வளைகுடா நாடுதான் முதலிடம் என்று நினைத்திருந்தேன்!

இத்தனையும் யாரோ ஒரு அக்கா வாசலில் நின்று பதில் சொன்னதால் வந்தது. நாமோ, நோட்டும் கையுமாக யாராவது வந்தால் ‘ரேஷன் கார்டுல பேரை எடுத்துடுவாங்களோ, மகளிர் உரிமைத் தொகை நின்னுடுமோ’ என்று பயந்து, ‘யாரும் வெளிநாட்டுல இல்லீங்க’ என்று சொல்லிவிடுகிறோம். பயம் நியாயமானதே. எந்த நிறுவனம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்து, அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். ஆதார் எண்ணோ ஓடிபியோ கேட்டால் கதவைச் சாத்துங்கள். ஆராய்ச்சிக்கு அவை தேவையில்லை. மற்றபடி உள்ளதைச் சொல்லுங்கள். கணக்கில் இல்லாத ஆளுக்கு எந்த அரசு திட்டம் போடும்?

இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்குப் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். உங்கள் வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள்? ரசீது தந்தார்களா? எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்