கேட்டியாடா மச்சான், இதை?

மலருக்கு எழுதுகிறேன் என்று பெயர் கொடுத்தபோது மலர்க்குழு அண்ணன், "நதிநீர் இணைப்பு எழுது, இல்லேன்னா இளைஞர் கடமை எழுது" என்றார். ரெண்டுக்கும் ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. ஸ்லட்ஜ் மெட்டல் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அது எந்த செமஸ்டர் பாடம்டா?" என்று கேட்டார்!

பாடம் இல்லை அண்ணே, பாட்டு.

மெஷின் ஷாப்பில் கூலன்ட் தொட்டியைக் கழுவியவர்களுக்கு ஸ்லட்ஜ் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயும் இரும்புப் பொடியும் கலந்து அடியில் தங்கும் அந்தச் சேறுதான். அந்தச் சேறு மெதுவாக நகர்ந்தால் எப்படிச் சத்தம் வருமோ, அப்படி ஒரு கிடார். கூடவே தொண்டை கிழிய ஒருவர் கத்துவார். இதற்கெல்லாம் பாட்டன் பிளாக் சப்பாத். அந்தக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகட்டு வேலைத் தொழிற்சாலையில் இருந்தவர். 17 வயதில் மெஷினில் கை சிக்கி இரண்டு விரல் நுனி போயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்று பிற்பாடு தளர்த்தினார், சத்தம் கனத்தது. நம் வயசு, நம் தொழில். அதனால்தான் இந்த இசை எனக்கு அந்நியமாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைக் கொடுத்தவர் விடுதியில் இருந்த மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் அண்ணன். நான் முதலாமாண்டு. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர், கேட்காமலே இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார். க்ரோபார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் குழு, 1993இல் வந்த ஆல்பம். ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இயர்போன் கெட்டுப்போச்சாண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா என்ன வேலை?" என்றார். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார் என்றேன். "மூட்டையோட அவர் நடக்குறதை நினைச்சுக்கிட்டு மறுபடி கேளு" என்றார்.

கேட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். அதிகம் பேர் அறியாத குழுக்கள் ஆள் மூலமாகத்தான் வரவேண்டும். போனே எடுத்துத் தருமே என்பீர்கள். தரும். எனக்கு அது தந்ததெல்லாம் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களைத்தான். "உங்கப்பா என்ன வேலை" என்று எந்த போனும் கேட்டதில்லை.

இந்த இசையே அப்படி வளர்ந்ததுதான். வாஷிங்டன் மாநிலத்தில் 1983இல் மெல்வின்ஸ் என்ற குழுவைத் தொடங்கிய பஸ் ஆஸ்போர்ன், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு பங்க் பாடல்களை கேசட்டில் பதிந்து கொடுத்தார். அந்தப் பையன் கர்ட் கோபேன், பின்னால் நிர்வானாவைத் தொடங்கியவர். 1990இல் அவருக்கு டிரம்மர் தேவைப்பட்டபோது டேவ் க்ரோலை அறிமுகப்படுத்தியதும் ஆஸ்போர்ன்தான். உலகம் முழுக்க நிர்வானா டி-ஷர்ட் போடுகிறது. கேசட் கொடுத்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1990களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் டவுன் என்ற குழு உருவானது. அதில் பாண்டெரா பாடகர் பில் ஆன்செல்மோவே இருந்தார், விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தங்கள் டெமோ கேசட்டை ரசிகர்களிடம் கொடுத்து, "டவுன்னு ஒரு பேண்டு, கேட்டிருக்கீங்களா?" என்று யாரோ மாதிரி விசாரித்தார்களாம்! கேசட் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போனது. ஆல்பம் வந்தது 1995இல்தான்.

ஆசிட் பாத் கதை வேறு. லூசியானாவின் ஹூமா என்ற சின்ன ஊர்க் குழு. 1994இல் ஒன்று, 1996இல் ஒன்று, மொத்தம் இரண்டே ஆல்பம். 1997 ஜனவரியில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் அவர்களுடைய பேஸ் கிடார்காரர் விபத்தில் இறந்தார். குழு அத்தோடு முடிந்தது. ஆனால் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பத்துப் பேருக்குச் சொன்னார்கள். 2025இல் மீதியிருந்தவர்கள் மறுபடி மேடையேறினார்கள். குழு கலைந்த வருஷத்தில் நானெல்லாம் பிறக்கவே இல்லை, எனக்கும் அந்த இரண்டு ஆல்பமும் மனப்பாடம்.

நம் கல்லூரியில் ஸ்லட்ஜ் கேட்பவர்கள், எனக்குத் தெரிந்து, மூன்று பேர். மூன்றாவது ஆள் ஈ.சி.இ. மாணவி ஒருவர். அவர் சொல்லித்தான் ஒசாகாவின் கரப்டட் தெரிந்தது. ஜப்பான்காரர்கள், பாடுவது பெரும்பாலும் ஸ்பானிஷில்! 2005இல் வந்த ஆல்பத்தில் ஒரே பாட்டு, எழுபது நிமிஷத்துக்கு மேல். இங்கிலிஷ் வராது என்று வகுப்பில் கூசிக் கூசி உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் குழுக்கள் சிலவற்றின் வாழ்க்கையில் போதை புகுந்து ஆட்டிவைத்திருக்கிறது. அது எனக்கு வேண்டாம், அண்ணனுக்கும் வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு கூட்டத்தின் மேல். ஒரு நல்ல குழுவின் பெயர் தெரிந்தால் மூடி வைத்துக்கொள்பவர்கள். "எல்லாரும் கேட்டா மதிப்பு போயிடும்" என்பார்கள். எனக்கு அது பாட்டு விஷயமாக மட்டும் படவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம் என்பது முதல் வருஷம் முழுக்க எனக்குத் தெரியாது. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் யாரைக் கேட்பேன்? சொன்னது அதே அண்ணன், அதே மாடிப்படி. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

இப்படி எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டரில் ஒரு முதலாமாண்டுப் பையன், "என்னண்ணா கேக்குறீங்க?" என்று வந்து நின்றான். "உனக்குப் புரியாதுடா, போ" என்றேன். ஏன் சொன்னேன்? நாலு பெயர் தெரிந்ததும் பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு. அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. விடுதியில் தேடினேன், வீட்டிலிருந்து வரப்போக ஆரம்பித்துவிட்டானாம்.

தம்பி, இதைப் படித்தால் வா. சனிக்கிழமை மெஸ் முடிந்ததும் அதே மாடிப்படியில்தான் இருப்பேன். நாட்டிங்ஹாமின் அயர்ன் மங்கி, பாஸ்டனின் க்ரீஃப், இன்னும் நிறைய வைத்திருக்கிறேன். பி.இ. பற்றியும் பேசலாம். வரும்போது இயர்போன் கொண்டு வா. என்னுடையதில் ஒரு பக்கம் நிஜமாகவே போய்விட்டது.