சட்டை தலையில் நுழையாவிட்டால் யார் பொறுப்பு?

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்குப் போயிருந்தோம். இரவு மணி ஒன்பது. மிஷின்கள் ஓடவில்லை. ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இருபது பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தைத்து முடித்த குழந்தைச் சட்டைகளின் கழுத்துப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனம்மா பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"கழுத்து சின்னதாப் போச்சுங்க. கொழந்தை தலையில நுழையாதாமுங்க. சீட்டுல போட்டிருந்த அளவுக்குத்தானுங்க நாங்க தைச்சோம்" என்றார் ஓர் அம்மாள்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தைத்தவர்மீது குற்றமில்லை. துணியை வெட்டிய கட்டிங் மாஸ்டர்மீதும் குற்றமில்லை. அவரும் சீட்டைப் பார்த்துத்தான் வெட்டினார். அப்படியானால் குற்றம் யாருடையது? இந்தக் கேள்விக்கு அந்தக் கம்பெனியில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. நம்முடைய ஆடைத் தொழிலின் பெரிய குறை எதுவென்றால், இந்தப் பதில் இல்லாமையே என்போம்.

நடந்தது இதுதான். 2 வயது முதல் 5 வயது வரை நான்கு அளவுகளில் 3,000 சட்டைகளுக்கு ஆர்டர். 5 வயது அளவில் மட்டும் ஒரு சாம்பிள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். "நன்றாயிருக்கிறது" என்று பதில் வந்தது. மற்ற மூன்று அளவுகளையும் காகிதத்திலேயே குறைத்துக்கொண்டார்கள். உடல் எந்த விகிதத்தில் குறைந்ததோ, அதே விகிதத்தில் கழுத்தும் குறைந்தது. அங்கேதான் வினை விளைந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். 2 வயது ஆண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். 5 வயதில் சுமார் 110. மூன்று ஆண்டுகளில் 23 சென்டிமீட்டர் வளர்ச்சி! ஆனால் தலைச் சுற்றளவோ 2 வயதில் சுமார் 48. 5 வயதில் ஏறக்குறைய 51. மூன்றே சென்டிமீட்டருக்குள்தான் வித்தியாசம். சின்னக் குழந்தைக்கு உடல் சிறியது. தலை அவ்வளவு சிறியதல்ல. பிள்ளை பெற்ற தாய்மார் எல்லோரும் அறிந்த உண்மை இது. அளவுச் சீட்டு போட்டவருக்கு மட்டும் நினைவில்லாமற் போயிற்று.

இதனால் 2 வயதுச் சட்டைகள் 750 வீணாயின. ஒரு சட்டையின் கழுத்தைப் பிரித்து, அகலமாக்கி, வேறு பட்டி வைத்துத் தைக்க நான்கு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 நிமிஷம்; அதாவது 50 மணி நேரம். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்குப் பிரித்த பீஸுக்குக் கணக்கு ஏது? அளவுச் சீட்டின் தவறுக்கு அபராதம் கட்டுபவர்கள், அந்தச் சீட்டைக் கண்ணாலும் பாராத பெண்கள்!

வரைபவருக்கும் தைப்பவருக்கும் நடுவே

இத்தகைய விபத்தைத் தடுக்கவே ஓர் உத்தியோகம் உண்டு. 'கார்மெண்ட் டெக்னாலஜிஸ்ட்' என்பார்கள். நாம் 'ஆடை நுட்பர்' என்று அழைப்போம்.

ஆடையை அழகாகக் கற்பனை செய்து வரைபவர் ஒருவர். அதை ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளுபவர்கள் பலர். படத்தில் இருக்கும் சட்டை துணியில் வருமா, துவைத்தால் நிற்குமா, எல்லா அளவினருக்கும் பொருந்துமா, சொன்ன விலைக்குள் அடங்குமா என்று நடுவில் நின்று பார்ப்பவரே ஆடை நுட்பர்.

இதைச் செக்கிங் வேலையோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. செக்கிங் செய்பவர் தைத்த பிறகு குற்றத்தைக் கண்டுபிடிக்கிறார். ஆடை நுட்பரோ, துணியில் கத்தி படுமுன்பே குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர். முதலாவது வெள்ளம் வந்தபின் வீட்டைக் காலி செய்வது. இரண்டாவது முன்பே கரையைப் பலப்படுத்துவது.

கப்பலேறுமுன் நடக்கும் சோதனை ஒன்று போதாதா என்று கேட்கலாம். வழக்கமான 2.5 என்ற தர அளவுப்படி 3,000 சட்டைகளில் 125ஐ எடுத்துப் பார்ப்பார்கள். பெருங்குறை 7 வரை இருந்தால் மன்னிப்பு; 8 ஆனால் மொத்தச் சரக்கும் நிராகரிப்பு. அப்போது குறை தெரிந்து என்ன பயன்? துணியும் போயிற்று, கூலியும் போயிற்று, கப்பலும் போயிற்று! ஒரு சட்டைக்கு 200 கிராம் என்றாலும் 3,000 சட்டைக்கு 600 கிலோ துணி. வெட்டிய துணி மறுபடி ஒட்டாது.

என்னென்ன தெரிய வேண்டும்?

முதலில் துணியைத் தெரிய வேண்டும். பின்னல் துணி உயிருள்ளது போன்றது. இழுத்தால் நீளும், நனைந்தால் சுருங்கும். 28 அங்குல நீளமுள்ள சட்டை நூற்றுக்கு ஐந்து சுருங்கினால் 26.6 அங்குலம் ஆகிவிடும். தொப்புள் தெரிய நிற்கும் சட்டையை யார் வாங்குவார்? ஒற்றை நூலில் உள்ள முறுக்கு, துவைத்ததும் அவிழப் பார்க்கிறது. அதனால் பனியன் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத் தையல் வயிற்றின்மேல் வந்து நிற்கிறது. எத்தனை சுருங்கும், எத்தனை சாயும் என்று வெட்டுமுன் துவைத்துப் பார்த்து, அதற்கேற்பப் பேட்டர்னைத் திருத்த வேண்டும். அல்லது துணியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, உடம்பைத் தெரிய வேண்டும். அளவு என்பது டேப்பில் மட்டும் இல்லை. தோள் எங்கே முடிகிறது, கையைத் தூக்கினால் அக்குள் எங்கே பிடிக்கிறது, உட்கார்ந்தால் எங்கே இழுக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். நம் நாட்டு மக்களின் அளவு அன்னிய நாட்டாரின் அளவு அல்ல என்பதால்தான், 'நிஃப்ட்' நிறுவனத்தார் 15 முதல் 65 வயது வரையிலானவர்களில் 25,000 பேருக்கு மேற்பட்டோரை இயந்திரக் கண்ணால் அளக்கும் பெரும் பணியை மேற்கொண்டார்கள்.

மூன்றாவது, மிஷினைத் தெரிய வேண்டும். ஓவர்லாக் எங்கே, பிளாட்லாக் எங்கே, சிங்கர் எங்கே என்று அறிந்தால் போதாது. பின்னல் துணிக்குக் கூர் ஊசி ஆகாது. உருண்டை முனை ஊசி வேண்டும். கூர் ஊசி நூல் கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

நான்காவது, சட்டத்தைத் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் ஆடைகளில், 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைச் சட்டையின் கழுத்திலும் தொப்பியிலும் இழுத்துக் கட்டும் கயிறு வைக்கக் கூடாது என்பது தரவிதி. சறுக்கு மரத்திலும் பஸ் கதவிலும் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்ததுண்டு. அமெரிக்காவிலும் 1996ல் இதைப்பற்றி எச்சரிக்கை நெறிகள் வெளியாயின. சாயத்திலும் அப்படியே. 1994ல் ஜெர்மனி சில அஸோ சாயங்களைத் தடைசெய்தது. இன்று ஐரோப்பா முழுவதும், தீங்கு தரும் 22 வகை அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. படத்தில் அழகாயிருக்கிறதென்று ஒரு கயிற்றைச் சேர்ப்பவருக்கு இது தெரியாமலிருக்கலாம். ஆடை நுட்பருக்குத் தெரியாமலிருக்கலாகாது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தர முடியாது. அதுதான் 'கூடாது' என்று சொல்லும் துணிவு.

இன்று யார் செய்கிறார்கள்?

இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. இவ்வளவு பெரிய ஊரில் இந்த வேலை நடக்காமலா இருக்கிறது? நடக்கிறது. ஆனால் சிறிய கம்பெனிகளில் துண்டு துண்டாக நடக்கிறது. பையருடன் பேசுவது மெர்ச்சண்டைசர். பேட்டர்ன் போடுவது மாஸ்டர். துணியைப் பார்ப்பது துணிப் பொறுப்பாளர். குறை பார்ப்பது செக்கிங். ஆளுக்கொரு துண்டு, முழுமைக்கு ஆளில்லை. பல வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான்.

மெர்ச்சண்டைசரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது பல முதலாளிகளின் கட்சி. அது சரியல்ல. மெர்ச்சண்டைசரின் கவலை தேதி. குறித்த நாளில் சரக்குப் போகவேண்டும் என்பதே அவர் கண்ணுக்குத் தெரியும். 'துணி சுருங்குகிறது; நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியவரும் அவரேயானால், எந்தப் பக்கம் சாய்வார்? மனித சுபாவம் தெரிந்தவர்கள் விடை சொல்லிவிடுவார்கள்.

இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடைக்காரர்கள் 1930களிலேயே துணியைச் சோதிக்கத் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். விற்பவனுக்கே அந்தக் கவலை இருந்ததென்றால், செய்பவனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

கட்டுப்படியாகுமா?

"இன்னும் ஒரு சம்பளமா? எங்களால் தாங்காது" என்று சிறு முதலாளிகள் சொல்லுவார்கள். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்று. வரி நம் கையில் இல்லை. தவறு நம் கையில் இருக்கிறது. லாபம் குறைந்த காலத்தில்தான் தவறுக்கு இடம் குறைவு. ஒரு சரக்கு நிராகரிக்கப்பட்டால் பெரிய கம்பெனி தாங்கும். பத்து மிஷின் வைத்திருப்பவர் அத்துடன் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

தனியாக ஒருவரை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாமே! சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும் வெளியே கொடுத்து வாங்கும் ஊர்தானே இது? 1990ல் ஏற்றுமதியாளர் சங்கம் கண்டு, 1997ல் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியையும் கண்ட ஊருக்கு இது பெரிய காரியமல்ல.

ஆட்கள் எங்கே என்று கேட்கவும் வேண்டாம். கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு அட்டவணை தெரியும், மிஷின் தெரியாது. இருபது வருஷம் மேஜையில் நின்ற மாஸ்டருக்கு மிஷின் தெரியும். வெளிநாட்டார் அனுப்பும் விவரச் சீட்டை வாசிக்கத் தெரியாது. படித்தவரை ஆறு மாதம் ஓவர்லாக்கில் உட்கார வையுங்கள். மாஸ்டருக்கு மாலையில் விவரச் சீட்டு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். இருவரும் தேறுவார்கள்.

பெண்களையும் மறக்கலாகாது. தையல் கூடங்களை நிறைத்திருப்பவர்கள் அவர்களே. கையில் எடுத்ததும் "இந்தக் கழுத்து நுழையாது" என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களுக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அன்றிரவு நாம் கண்ட அம்மாளும் அப்படித்தான். "மொத பீஸ் தைக்கும்போதே தெரிஞ்சுதுங்க. யாருகிட்டச் சொல்றதுங்க?" என்றார்.

யாரிடம் சொல்வது! இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெயர் பதிலாக இருக்க வேண்டும். அந்தப் பெயருடையவர் இன்னின்ன பார்க்க வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சிறியதும் பெரியதுமாக எல்லா அளவிலும் சாம்பிள் தைத்து, துவைத்து, மாட்டிப் பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகே துணியில் கத்தி பட வேண்டும். அந்தக் கையெழுத்தை மீறித் துணியை வெட்டும் அதிகாரம் முதலாளிக்கும் இருக்கக் கூடாது. தவறிப்போய்ப் பிரிக்க நேர்ந்தால், பிரித்தவர்களுக்குக் கூலி உண்டு என்றும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். பிரிப்பதற்குப் பணம் செலவாகுமென்றால், பிரிக்காமலிருக்க வழி தானே பிறக்கும்.

ஆடைத் தொழிலின் பெரியவர்கள் இதைச் சிந்திப்பார்களாக. ஒரு கையெழுத்துக்கு ஆகும் செலவு சொற்பம். அது இல்லாத செலவை, இரவு ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.