விதியல்ல, தாமதம்

குறையுடன் பிள்ளையொன்று பிறந்துவிட்டால் எமது ஊர்களில் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய்தான். கிரகணத்தன்று வெளியே போனாளா, ஆகாததைத் தின்றாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இறுதியில் "எல்லாம் விதி" என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். இதனை மூடநம்பிக்கை என்று எள்ளி நகையாடும் படித்தவர்கள், பிரித்தானிய அரசு செய்ததையும் சற்றே நோக்க வேண்டும்.

ஸ்பைனா பிபிடா என்பது முள்ளந்தண்டு முழுமையாக மூடாதிருக்கும் பிறவி நிலை. கருவின் நரம்புக் குழாய் ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடின், கடுமையான வகையில் முண்ணாண் சிதைந்து கால்கள் செயலிழக்கும். சலமும் மலமும் கட்டுப்பாட்டில் இரா. மூளையில் நீர் தேங்கும். அந்த 28 நாட்களில் தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறிவதில்லை. அறிந்த பின் மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

இதற்கான தடுப்பைக் கண்டறிந்ததே பிரித்தானியாதான். அதன் மருத்துவ ஆய்வுச் சபை, முன்னர் இவ்வாறு பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த பெண்களை 7 நாடுகளில் ஆராய்ந்தது. கருத்தரிக்குமுன்பே போலிக் அமிலம் உட்கொண்டால், இக்குறை மீண்டும் ஏற்படும் வாய்ப்பு 72 வீதம் குறைகிறது என 1991இல் அறிவித்தது.

அமெரிக்காவும் கனடாவும் 1998இல் மாவில் போலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கின. சிலி 2000இல் பின்தொடர்ந்தது. பிரித்தானியா என்ன செய்தது? 2000இலும் 2006இலும் அதன் சொந்த நிபுணர் குழுக்களே பரிந்துரைத்தும் தயங்கிற்று. முதியோரின் பி12 குறைபாடு மறைந்துவிடும் என்றார்கள். புற்றுநோய் அச்சம் என்றார்கள். மக்களுக்குக் கட்டாய மருந்தூட்டுவதா என்றார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டு அதே மாவில் வேறு சத்துகளைச் சட்டப்படி சேர்த்துவந்த நாட்டின் வாதம் இது! 2021இல்தான் முடிவெடுத்தார்கள். 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, ஆலைகளுக்கு 2026 டிசெம்பர் வரை அவகாசமும் அளித்தார்கள். இத்தடுப்பினால் ஆண்டுக்குச் சுமார் 200 கருக்கள் காக்கப்படும் என்பது அரசின் சொந்தக் கணிப்பு. தாமதித்த ஆண்டுகளால் அதனைப் பெருக்கிப் பாருங்கள்.

போலிக் அமிலம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. அதனை உட்கொண்ட தாய்க்கும் இத்தகைய பிள்ளை பிறக்கலாம். சக்கர நாற்காலியில் வாழ்பவரின் வாழ்வு குறைந்ததுமல்ல. ஆனால், தவிர்த்திருக்கக்கூடிய துன்பத்தைக் கோப்புகளுக்குள் உறங்கவைத்தவர்களை எவரும் விசாரிக்கவில்லை. கேள்விகள் யாவும் தாயிடமே கேட்கப்பட்டன.

நரம்புக் குழாய்க் குறைகளைத் தடுக்க உணவில் சத்துச் சேர்க்கும்படி உலக சுகாதார மாநாடு 2023இல் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானங்களுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. ஆகவே, பாணும் ரொட்டியும் உண்ணும் எந்நாட்டு மக்களும் தத்தம் ஆட்சியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எமது மாவில் அது சேர்க்கப்படுகிறதா? இல்லையெனில், ஏன்?