டி-ஷர்ட் வாங்க ஓடிபி கட்டாயம்... உங்க ஜிமெயிலுக்கு மட்டும் ஏன் ஒரே பூட்டு?

டெபிட் கார்டில் 300 ரூபாய்க்கு ஒரு டி-ஷர்ட் ஆர்டர் பண்ணினால்கூட போனுக்கு ஓடிபி வருகிறது. அதைப் போடாமல் பணம் நகராது. வங்கிகள் தாமாக முன்வந்து செய்த ஏற்பாடு அல்ல இது. ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைகளுக்குக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியதால் வந்தது. அன்று 'இது என்னடா தொல்லை' என்று சலித்துக்கொண்டவர்கள்கூட, இன்று ஓடிபி கேட்காமல் பணம் போனால்தான் பயப்படுகிறார்கள்.

ஆனால், அதே நபரின் இமெயிலைத் திறக்க என்ன வேண்டும்? பலருக்கு இன்னமும் ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். அதுவும் காலேஜ் படிக்கும்போது வைத்தது. பெயர், பிறந்த வருஷம், கடைசியில் ஒரு '@'. அவ்வளவுதான்!

இமெயில்தான் மாஸ்டர் சாவி

இன்ஸ்டாகிராம், ஷாப்பிங் ஆப், வேலை தேடும் தளம் என எதில் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தினாலும், புது பாஸ்வேர்டுக்கான லிங்க் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இமெயில்தான். அதாவது, மெயில் ஒருவர் கைக்குப் போனால் மற்ற கணக்குகளும் வரிசையாகப் போகும். பே ஸ்லிப், பான் கார்டு காப்பி, வாடகை ஒப்பந்தம் எல்லாமே அங்கேதான் கிடக்கின்றன.

'நம்ம மெயிலை எவன் ஹேக் பண்ணப்போறான்?' என்று கேட்கலாம். யாரும் உங்களைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. எப்போதோ கணக்கு தொடங்கிய ஏதோ ஒரு சின்ன தளத்திலிருந்து பாஸ்வேர்டு கசியும். அதே இமெயில், அதே பாஸ்வேர்டை நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கும். எங்கே திறக்கிறதோ அங்கே நுழைவார்கள்.

மல்டி ஃபேக்டர்னா என்ன?

ஒருவர் யார் என்பதை மூன்று வழிகளில் உறுதிசெய்யலாம். அவருக்கு மட்டும் தெரிந்தது (பாஸ்வேர்டு, பின்), அவர் கையில் இருப்பது (போன், கார்டு), அவரது உடல் அடையாளம் (கைரேகை, முகம்). இதில் இரண்டு வெவ்வேறு வகைகளைக் கேட்பதுதான் மல்டி ஃபேக்டர் ஆதென்டிகேஷன். ஏடிஎம் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்: கையில் கார்டு, மனசில் பின். இரண்டு பாஸ்வேர்டு வைத்தால் அது மல்டி ஃபேக்டர் ஆகாது, இரண்டுமே ஒரே வகை.

இதற்குப் பலன் இருக்கிறதா? 2021-ல் 15 கோடி கணக்குகளுக்கு இந்த வசதியைத் தானாகவே ஆன் செய்யப்போவதாக கூகுள் அறிவித்தது. அப்படி ஆன் செய்யப்பட்டவர்களிடையே கணக்கு பறிபோவது பாதியாகக் குறைந்தது என்று 2022 பிப்ரவரியில் அதே நிறுவனம் சொன்னது.

எல்லா பூட்டும் ஒன்றல்ல

எஸ்எம்எஸ் ஓடிபி: ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால், பாதுகாப்பு முழுக்க உங்கள் மொபைல் எண்ணை நம்பி இருக்கிறது. உங்கள் பெயரில் மோசடியாக டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். 2019 ஆகஸ்ட்டில் ட்விட்டரின் அப்போதைய சிஇஓ ஜாக் டோர்சியின் எண்ணையே இப்படிக் கைப்பற்றி, அவர் கணக்கிலிருந்து ட்வீட் போட்டார்கள்.

ஆதென்டிகேட்டர் ஆப்: 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணைப் போனே உருவாக்கும். சிக்னல் தேவையில்லை, சிம் மாறினாலும் கவலையில்லை. ஆனால், போலி தளத்தில் நீங்களே அந்த எண்ணை டைப் செய்தால் காப்பாற்ற முடியாது.

'நீங்கள்தானா?' நோட்டிஃபிகேஷன்: 'யெஸ்' தட்டினால் போதும் என்பதுதான் இதன் வசதி, ஆபத்தும் அதுதான். 2022-ல் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், அங்கே ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஒருவருக்குத் திரும்பத் திரும்ப லாகின் கோரிக்கை அனுப்பினார். கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். நீங்கள் லாகின் செய்யாதபோது நோட்டிஃபிகேஷன் வந்தால், பதில் எப்போதும் 'நோ'. அடுத்த வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது.

பாஸ்கீ: கைரேகை அல்லது ஸ்கிரீன் லாக் மூலம் திறப்பது. எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும். போலி தளத்தில் அசையாது. கிடைக்கும் இடங்களில் இதுதான் முதல் சாய்ஸ்.

எப்படி ஆன் செய்வது?

கூகுள்: போன் செட்டிங்ஸில் 'கூகுள்' > உங்கள் கணக்கு > 'செக்யூரிட்டி' > '2-ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியிருந்தால், அதில் இருப்பது உங்களின் இப்போதைய எண்தானா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்: 'செட்டிங்ஸ்' > 'அக்கவுண்ட்' > 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. 6 இலக்க பின் ஒன்றை வைத்து, கூடவே இமெயிலையும் கொடுக்கவும். 'மச்சான், தப்பா உன் நம்பருக்கு ஒரு கோடு வந்துடுச்சு, அனுப்பேன்' என்று தெரிந்தவர் பெயரில் மெசேஜ் வருகிறதே, அந்த மோசடிக்கு இதுதான் தடுப்பு. கோடு போனாலும் பின் தெரியாமல் புது போனில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாது. அதற்காகக் கோடை அனுப்பிவிடாதீர்கள்!

போன் தொலைந்தால்?

பலர் தயங்குவது இதற்குத்தான். நியாயமான பயமும்கூட. இரண்டாவது பூட்டு போட்டு, சாவியைத் தொலைத்தால் நாமே வெளியே நிற்க வேண்டியதுதான்.

கூகுளில் 'பேக்கப் கோட்ஸ்' எடுத்தால் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வேலை செய்யும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் பயனில்லை, போனோடு அதுவும் போய்விடும். ஒரு பேப்பரில் எழுதி, பாஸ்போர்ட், சர்ட்டிஃபிகேட் வைக்கும் ஃபைலில் வைப்பதே நல்லது.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் ஆதென்டிகேட்டர் ஆப்பைப் புது போனுக்கு மாற்றிவிட வேண்டும். மொபைல் எண்ணை மாற்றினால் எல்லாக் கணக்குகளிலும் அப்டேட் செய்வது அவசியம். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்போது உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

பொறுப்பு யாருக்கு?

எல்லாவற்றையும் பயனர் தலையில் கட்டுவது சரியல்ல. 2023 மார்ச்சில் ட்விட்டர், எஸ்எம்எஸ் சரிபார்ப்பைக் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆப் மூலமான சரிபார்ப்பு மற்றவர்களுக்குத் தொடர்ந்தாலும், பாதுகாப்பில் ஒரு பகுதிக்கு விலை வைத்த முன்னுதாரணம் அது. கார் நிறுவனங்கள் சீட் பெல்ட்டைத் தனியாக விற்பதில்லையே! கணக்கு தொடங்கும்போதே இரண்டாவது பூட்டும் சேர்ந்து வர வேண்டும். வேண்டாம் என்பவர்தான் தேடிப்போய் அணைக்க வேண்டும்.

அது நடக்கும் வரை வேலை நம்முடையது. முதலில் இமெயில், அடுத்து வாட்ஸ்அப், பிறகு மற்ற கணக்குகள். அதே கையோடு அம்மா, அப்பா போனிலும் செய்து கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வங்கியோ, போலீஸோ, சொந்தக்காரரோ, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவும்.