குஞ்சு பெட்டையா, சேவலா?

ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடைப்பட்ட ஒரு குடியிருப்பிலிருந்து சகோதரி ஒருவர் மடல் எழுதியிருக்கிறார். கணவர் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மிதிவண்டியில் கூடை கட்டி வந்தவரிடம், பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய கோழிக்குஞ்சுகள் ஆறினை வாங்கினாராம். பிள்ளைகளுக்கு முட்டையும் கிடைக்கும், மிஞ்சுவதை விற்றால் கைச்செலவுக்கும் ஆகும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு குஞ்சுகள் முதல் வாரத்திலேயே மடிந்தன. எஞ்சிய நான்கும் தீவனம் தின்று வளர்ந்து, ஐந்தாம் மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவத் தொடங்கின! “எனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். குஞ்சாக இருக்கும்போதே பெட்டையைக் கண்டறிய வழியில்லையா?” என்று கேட்கிறார்.

சகோதரியே, இதில் கைராசிக்கு வேலையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு குஞ்சுகளை எடுத்தால், நான்கும் சேவலாக அமைவது பதினாறு தடவையில் ஒரு தடவையே. ஆனால் சாயக் குஞ்சுகளின் நிலை வேறு. நாமக்கல் போன்ற இடங்களின் முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டை மட்டுமே தேவை. அங்கு வளரும் வெள்ளை லெகார்ன் வகையின் சேவல் முட்டையும் இடாது. கறிக்கோழியைப்போல் விரைவில் சதைபிடிக்கவும் செய்யாது. ஆகவே குஞ்சு பொரிப்பகங்களில், பொரித்த நாளிலேயே பெட்டைகளைப் பிரித்தெடுத்துக்கொள்கின்றனர். கழிக்கப்பட்ட ஆண் குஞ்சுகளே பெரும்பாலும் மலிவு விலைக்குக் கைமாறி, சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன. தாங்கள் வாங்கிய குஞ்சுகளின் முடிவு கூடையில் ஏறுமுன்பே ஆகிவிட்டது.

ஒரு நாள் குஞ்சை எவ்வாறு பிரிக்கிறார்கள்? இக்கலையை உலகுக்கு அளித்தவர்கள் ஜப்பானியர். மசூயி, ஹஷிமோட்டோ முதலிய அறிஞர்கள் 1920களில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். குஞ்சின் கழிவுத்துளையை விரலால் மெல்லப் பிதுக்கி நோக்கினால், ஆண் குஞ்சிடம் குண்டூசித் தலையளவே உள்ள சிறு முண்டு ஒன்று தென்படும். பெட்டையிலும் சில வேளை அதைப் போன்ற ஒன்று இருப்பதால், பிரித்தறியப் பல மாதப் பயிற்சி வேண்டும். தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் எண்ணூறு, ஆயிரம் குஞ்சுகளைப் பிரித்து, நூற்றுக்கு ஒன்றிரண்டே பிசகுவர். இதை வீட்டில் எவரும் செய்து பார்க்க வேண்டாம். சற்று அழுத்தினாலும் குஞ்சின் குடல் சிதைந்துவிடும்.

இறக்கையை விரித்துப் பார்ப்பது இன்னொரு முறை. ஓரத்து இறகுகள் அவற்றை மூடியுள்ள மேலிறகுகளைவிட நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே அளவாகவோ, ஓரத்து இறகுகள் குறுகியோ இருந்தால் சேவல். எளிதுதான். ஆயினும் இது இதற்கென்றே தேர்ந்து இணைசேர்த்த இனங்களில், முதல் ஓரிரு நாட்களுக்கு மட்டுமே பலிக்கும். நம் நாட்டுக்கோழிக் குஞ்சிடம் இதைச் சோதித்துப் பயனில்லை. பொரித்தவுடனே நிறத்தால் வேறுபடும் கலப்பினங்களும் உண்டு; அவையும் அப்படியே.

இனி, நம் பாட்டிமார் சொல்லும் வழிகள். கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பார்கள். இது நம்மூர் நம்பிக்கை மட்டுமன்று. நீண்டு கூர்ந்த முட்டையில் பெட்டை பிறக்கும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். உருண்ட முட்டையில்தான் பெட்டை என்று ரோமாபுரியின் பிளினி எழுதினார். இரு பேரறிஞர்கள் இப்படி எதிரெதிராகச் சாதித்ததிலிருந்தே உண்மையை ஊகிக்கலாம்! குஞ்சின் பால் தாய்க்கோழியின் கருவணுவிலேயே முடிவாகிவிடுகிறது. ஓடு அதன்மேல் படிவது பல மணி நேரம் கழித்துத்தான். வடிவத்தைத் தருவது கருக்குழாய். அதற்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை. (மனிதரில் இது தந்தையின் அணுவால் முடிவாகிறது. பெண் குழந்தை பிறந்ததென்று மருமகளைக் கடியும் மாமியார்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.) குஞ்சைக் காலைப் பிடித்துத் தொங்கவிடுவது, நூலில் ஊசி கட்டி ஆட்டுவது ஆகியவை நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பாதித் தடவை சரியாகத்தான் வரும். அதனால்தான் நம்பிக்கை இன்னும் சாகவில்லை.

வீட்டிலுள்ள நமக்குத் துணை பொறுமைதான். ஒரே ஈட்டுக் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து வாருங்கள். மூன்று, நான்கு வாரங்களில் பெட்டைக்கு வாலும் முதுகும் முந்தி இறகு மூடும். சேவலின் முதுகு சில நாள் மொட்டையாகத் தெரியும். இது குறிப்பே தவிர முடிவன்று. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சேவலின் கொண்டை தடித்துச் சிவக்கும், கால் பருக்கும். பெட்டையின் கொண்டை வெளிறியே இருக்கும். ஆனால் பெருவிடை இனத்தில் சேவலுக்கே கொண்டை சிறிது. அதைக் கொண்டு தீர்மானித்தால் ஏமாறுவீர்கள். ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரத்தில் வருவதுதான் உறுதியான அடையாளம்: கழுத்திலும் வாலுக்கு முன்னுள்ள முதுகிலும் புதிதாக முளைக்கும் இறகுகள் சேவலுக்கு நீண்டு கூர்ந்து பளபளக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாகவே இருக்கும். கால் முள்ளை நம்பவேண்டாம்; வயதான பெட்டைக்கும் முள் முளைப்பதுண்டு.

முட்டையே நோக்கமெனில், மூன்று மாதம் கடந்த வெடைக்கோழிகளை இறகு பார்த்து வாங்குவதே சிக்கனம். விலை கூடுதலாகத் தோன்றும். ஆனால் மூன்று மாதத் தீவனமும், மடிந்துபோகும் குஞ்சுகளின் நட்டமும் அதில் அடக்கம். பிரிக்காத குஞ்சே வாங்குவதானால் ஆறாவது வாங்குங்கள். ஆறும் பிழைத்தால், அவற்றுள் இரண்டு பெட்டையேனும் இருக்க அறுபத்து நான்கில் ஐம்பத்தேழு பங்கு வாய்ப்புண்டு. தங்கள் பகுதிக்கு எட்டும் தொலைவில், காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. கோழி வளர்ப்பில் ஐயமிருந்தால் அங்கே கேட்கலாம்.

கழிக்கப்படும் ஆண் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு சொல். பல நாடுகளில் அவற்றைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது வழக்கம். ஜெர்மனி அதனை 2022 சனவரி முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. அங்கு முட்டை அடையிலிருக்கும்போதே உள்ளிருப்பது ஆணா பெண்ணா என்று கருவிகளால் அறிகின்றனர். அல்லது சேவல்களையும் வளர்த்துக் கறிக்கு விற்கின்றனர். முட்டையின் விலை அதனால் சற்றுக் கூடுகிறது. நம் தெருவுக்கு வரும் சாயக் குஞ்சோ பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகிப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சாகிறது. அழும் பிள்ளைக்காக அதை வாங்குவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

சகோதரியின் நான்கு சேவல்களுக்கு வருவோம். சேவலில்லாமலே பெட்டை முட்டையிடும். அடைவைத்துக் குஞ்சு பொரிக்க விரும்பினால் மட்டும் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். லைன் வீட்டில், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் நடுவே நான்கு சேவல்கள் கூவினால் அண்டை வீட்டாரின் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பண்டிகைக்கு முன் விலை ஏறும் நாளில் விற்றுவிடுங்கள். அதுவரை முட்டைக்கோழித் தீவனம் இடவேண்டாம். ஓட்டுக்காக அதில் சேர்த்துள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து சேவலின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், விலையும் அதிகம். நொய்யும் தவிடும் கீரையும் சமையற்கட்டு மிச்சமும் போதும்.