பழைய ஜீப்பைப் பழுது பார்ப்பது குற்றமா?

"இதைப் பண்ணினா எஃப்.சி.யில பிரச்னை வருமுங்களாண்ணா?"

திருப்பூரில் லேத் பட்டறை நடத்தும் என்னிடம், எஃப்.சி. என்கிற வாகனத் தகுதிச் சான்றைப் பற்றிப் பழைய ஜீப்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 'இது' என்பது பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங்காக இருக்கும். இல்லையென்றால் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இரண்டுமே வண்டியைப் பத்திரமாக்கும் வேலைகள்தான். ஆனாலும், "வராது, தைரியமாப் போடுங்க" என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. அன்றைக்கு வண்டியைப் பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன நினைக்கிறாரோ, அதுதான் பதில்.

பனியன் ஊரில் ஜீப்புக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நூல் மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் நட்டுவைத்த காற்றாலைகள் அங்கே நிற்கின்றன. ஒரு மழை பெய்தால் போதும், கரிசல் மண் டயர் பட்டனை அடைத்து வழவழவென்று ஆக்கிவிடும்; சாதாரணக் கார் நின்ற இடத்திலேயே சுற்றும். மலையடிவாரத்துத் தோப்புகளிலும் இதே கதை. அங்கெல்லாம் முன் ஆக்ஸிலும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஆடம்பரமல்ல, வேலைச் சாமான். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக மேடு பள்ளம் ஏறும் இளைஞர் கூட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

இவர்கள் கொண்டுவருபவை நமக்குப் பழகிய வண்டிகள்தான். மும்பையில் மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து வந்த பரம்பரை ஒன்று: சிஜே வகைகள், பியூஜோ டீசல் எஞ்சின் போட்ட எம்எம் 540, அதற்குப் பின் வந்தவை. இன்னொன்று 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸி. ஒரு டன்னுக்குள் எடை, உறுதியான நான்கு சக்கர இழுவை. பொதுமக்களுக்கு அதை விற்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ராணுவம் ஏலத்தில் விட்ட ஜிப்ஸிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஊரே செகண்ட் ஹேண்டில் வளர்ந்த ஊர். ஜெர்மனியில் ஓடித் தேய்ந்த நிட்டிங் மிஷினை இறக்கி, கேமையும் பேரிங்கையும் மாற்றி, 24 கேஜ் சிலிண்டரை எடுத்துவிட்டு 28 கேஜ் போட்டு, மறுபடியும் துணி ஓட்டியவர்கள் நாம். அந்த மிஷின் பாகத்தைக் கடைந்த அதே லேத்தில்தான் ஜீப்பின் ஷேக்கிள் புஷ்ஷும் கடைசலாகிறது. மிஷினைத் திருத்தினால் கெட்டிக்காரன், ஜீப்பைத் திருத்தினால் குற்றவாளி என்றால் இடிக்கிறது. பொதுச் சாலையில் ஓடுவதற்குத் தனி விதி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அந்த விதி தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சட்டம் இப்படி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் 'மாற்றம்' என்பதற்கு 52ஆம் பிரிவே தரும் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்பது. அந்த அடிப்படை அம்சங்கள் எவை? பிரேக் டிரம் அதில் சேருமா, ஸ்டீயரிங் பெட்டி சேருமா? பட்டறைக்காரன் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பட்டியல் கிடையாது.

பழைய ஜீப்பை ஒருமுறையாவது ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியல் இல்லாததன் விபரீதம் புரியும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உலுக்க வேண்டும். 'லொடக்' என்று சத்தம் வந்தால் ஹப் பேரிங் அல்லது கிங் பின் பேரிங். உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி உலுக்கினால், ஹப்பில் இருக்கும் ஆட்டம் நின்றுவிடும். அப்போதும் சத்தம் வந்தால் கிங் பின்தான். மூடியைக் கழற்றினால் பேரிங்கில் உருளைகள் பதிந்து பதிந்து வரி வரியாகத் தடம் விழுந்திருக்கும். புது பேரிங் போட்டு, ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, கை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாத வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறினால், முன் சக்கரங்கள் இரண்டும் தலையாட்ட ஆரம்பிக்கும். வண்டியை நிறுத்தினால் ஒழிய அது நிற்காது.

பிரேக்கின் கதை இன்னும் மோசம். பழைய ஜீப்புகளின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை சர்க்யூட். எங்காவது ஒரு பைப் விட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை சர்க்யூட் உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றினால், முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் தானாக வராது. ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப் இருக்க வேண்டும். பூஸ்டரை மட்டும் பூட்டிவிட்டு பம்ப்பை மறந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். மிதித்தால் கல்லை மிதித்தது போலத்தான் இருக்கும். ஒரு பொறியாளர் பத்து நிமிடம் பார்த்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய கோளாறு இது. ஆனால் யார் பார்க்கிறார்கள்?

அடுத்தது தண்ணீர். ஓடையில் இறங்கும்போது சூடான ஆக்ஸில் ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சில மாதம் கழித்து டிரெயின் பிளக்கைத் திருகினால் கியர் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி கொட்டும். அதற்குள் கிரவுன் பினியனில் துரு ஏறியிருக்கும். ஹவுசிங்கின் பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே கொண்டுபோய் பானட்டுக்குள் கட்டிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். அதிகச் செலவில்லாத வேலை.

ஆனால் இதற்கெல்லாம் யாரும் ஆசைப்படுவதில்லை. பட்டறைக்குள் வரும் தம்பிகள் முதலில் கேட்பது உயரத்தைத்தான்.

"ஏனுங்ணா, லிஃப்ட் வெச்சா வண்டி கெத்தா நிக்குமுங்களா?"

"நிக்கும் தம்பி. பிரேக் புடிச்சா நிக்குமான்னு மொதல்ல பாத்துக்கலாம்."

ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டையை மேலே மாற்றிவைத்தால், வண்டி நாலைந்து அங்குலம் உயரும். அதோடு சேர்ந்து வருவதையும் சொல்லியாக வேண்டும். டிராக் லிங்க் சாய்ந்துவிடுவதால் மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் போகும். பக்கச் சரிவில் வண்டி கவிழவும் வாய்ப்பு அதிகம். 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும். அதே பிரேக், பெரிய சக்கரத்தைப் பிடிக்கத் திணறும். உயரம் கூட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டினால் இத்தனையையும் சரிசெய்து கூட்ட வேண்டும். சரிசெய்ததை ஒருவர் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆக, வண்டியைப் பத்திரமாக்கும் மாற்றம் ஒன்று. கணக்குப் பார்த்துச் செய்தால் ஒப்புக்கொள்ளத்தக்க மாற்றம் ஒன்று. அடுத்தவர் உயிருக்கு உலை வைக்கும் மாற்றம் ஒன்று. காருக்கு முன்னால் இரும்புக் குழாயைக் கட்டுவது மூன்றாவது வகை. மோதும்போது அடிபடும் ஆளின் எலும்பு நொறுங்கும். ஏர்பேக் வேலை செய்வதும் குழம்பும். அதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது சரிதான். என் வருத்தம், இந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துவது பற்றித்தான்.

ஆளாளுக்கு வண்டியை மாற்றினால் சாலை என்னாவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஆளாளுக்கு ஏற்கெனவே மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எஃப்.சி.க்கு முதல் நாள் பெரிய டயரைக் கழற்றிவிட்டுப் பழைய அளவு டயரை இரவல் வாங்கிப் பூட்டுவதும், சான்று கையில் வந்ததும் மறுபடி மாற்றுவதும் ஊரறிந்த ரகசியம். இதனால் ஆய்வாளர் பார்த்தது ஒரு வண்டி, சாலையில் ஓடுவது வேறு வண்டி. விபத்து நடந்தால், வண்டிச் சேதத்துக்குப் பணம் தர மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் வழி தெரிகிறது. ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனத்தில் காட்டி, சோதனையில் தேறினால் வண்டியின் ஆவணத்திலேயே அந்த மாற்றம் பதிவாகிறது. ஆஸ்திரேலியாவில் விஎஸ்பி 14 என்ற தேசிய வழிகாட்டி நூல் இருக்கிறது. சிறிய உயர்வை அது அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் உரிமம் பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். அங்கும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், இளைஞர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், வேலையை வெளிச்சத்தில் செய்ய அங்கே வழி இருக்கிறது.

இங்கே கூடியிருப்பது கட்டணம் மட்டும். 15 ஆண்டுகள் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் நோக்கம் இது என்றால், அதுவும் ஒரு கொள்கைதான். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்பவனுக்கு, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிரேக் பிடிக்கிறது என்று அளந்து சொல்லும் சோதனையாவது பதிலுக்குக் கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பது மூன்று. முதலாவது, போக்குவரத்துத் துறை தமிழில் ஒரு பட்டியல் வெளியிடட்டும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க் பிரேக், மூன்று முனை சீட் பெல்ட் போன்றவை கேட்காமலே செய்யக்கூடியவை. எஞ்சின் மாற்றம், குறிப்பிட்ட அளவுக்குள் உயர்வு, டயர் அளவு ஆகியவை சான்றுடன் செய்யக்கூடியவை. இரும்பு பம்பர், வெட்டி ஒட்டிய சேஸிஸ், சைலன்சர் நீக்கம், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு ஆகியவை எந்நாளும் கூடாதவை. மத்தியச் சட்டத்தில் திருத்தம் வேண்டுமென்றால், அதைக் கேட்கும் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு இருக்கட்டும். வாகன உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு.

இரண்டாவது, சான்று தர ஆள் வேண்டும். ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது; கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றில் ஆட்டோமொபைல் துறை இருக்கிறது. அளவுகோலை ஒரகடம் எழுதட்டும், கல்லூரிப் பொறியாளர்கள் சோதித்துக் கையெழுத்திடட்டும், பதிவுச் சான்றான ஆர்.சி.யில் மாற்றம் பதிவாகட்டும்.

மூன்றாவது, ஓட்டிப் பார்க்க ஓர் இடம். இது எங்கள் பக்கத்துத் தவறைத் திருத்திக்கொள்ளவும்தான். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை விடுவது குற்றம். நொய்யல் படுகையை உழுவது அசிங்கம். ஆழம் தெரியாத பாறைக்குழிகளில் இறங்குவது பைத்தியக்காரத்தனம். உடுமலை மலைமேல் குருமலை, குழிப்பட்டி மக்கள் சாலை கேட்டு மனுக் கொடுத்துவந்திருக்கும்போது, அந்தக் காட்டில் பொழுதுபோக்குக்கு டயர் தடம் பதிக்க நமக்கு வெட்கம் வேண்டும். சொந்தமாக மேட்டு நிலம் வைத்திருப்பவர்கள் பலர் இங்கே உண்டு. மாவட்ட நிர்வாகம் அனுமதியும் ஆம்புலன்ஸ் நிபந்தனையும் வகுத்தால், வாடகைக்கு விட அவர்கள் தயார். கோவை அருகே செட்டிபாளையத்தில் பந்தய ஓடுதளம் இருக்கும் பகுதியில் மண் தளம் ஒன்று அமைவது நடக்காத காரியமல்ல.

ஒளித்துச் செய்யும் வேலையில் யாரும் பெயர் போடுவதில்லை. பெயர் இல்லாத வேலைக்குப் பொறுப்பும் இல்லை. நான் கடைந்து கொடுக்கும் ஒவ்வொரு புஷ்ஷிலும், பூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு பிரேக்கிலும் பட்டறையின் பெயரையும் தேதியையும் பொறித்துத் தர எனக்குச் சம்மதம். தப்பென்றால் என்னைத் தேடி வரட்டும். அதைச் சரிபார்த்து ஆர்.சி.யில் ஏற்றும் ஏற்பாட்டை அரசு செய்துவிட்டால், ஜீப்காரர்கள் கேட்கிற கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுவேன்.